வாவியின் அடியில் ஓர் இசை

மட்டக்களப்பு நாட்டை 'மீன்பாடும் தேன்நாடு' என்று அழைப்பது நம்மவர் வழக்கம். மேடையேறி வரவேற்புரை நிகழ்த்துவோர் பெரும்பாலும் அத்தொடருடனேயே தம் உரையைத் தொடங்குவர். பாதி பெண்ணும் பாதி மீனுமாக அமைந்த உருவத்தை ஊரின் சின்னங்களிலே காண்கிறோம், சிலையாகவும் காண்கிறோம். எனினும், அந்த மீனின் பாட்டைத் தம் காதாற் கேட்டவர் நம்மிடையே எத்துணைப் பேர் என்று வினவினால், விடை சொல்லத் தயங்குவோரே மிகுதியாயிருப்பர். பெயர் எங்கும் பரவியிருக்கிறது. பெயருக்குரிய பொருளோ நீரின் அடியிலே மறைந்திருக்கிறது. அந்த மறைந்த இசையைக் கேட்டவர் யாவர், அதனைப் பதிவுசெய்ய முயன்றவர் யாவர், இனி அதன் பொருட்டு நாம் செய்யத்தக்கது யாது என்பனவற்றைச் சிறிது ஆராய்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில் இடத்தை மனக்கண்முன் நிறுத்திக்கொள்வோம். கிழக்கிலங்கையின் கரையோரமாக, கடலுக்கு இணையாக, வடக்குத் தெற்காக நீண்டு கிடப்பது மட்டக்களப்பு வாவி. அதன் நீளம் ஏறத்தாழ 56 கிலோமீற்றர். வாவிக்குக் கிழக்கே, கடலுக்கும் நீருக்கும் இடையே கிடக்கும் மணற்பாங்கான நிலத்தை எழுவான்கரை என்பர். மேற்கே வயலும் காடும் விரிந்த நிலத்தைப் படுவான்கரை என்பர். ஞாயிறு எழும் கரை ஒன்று, படும் கரை மற்றொன்று. இத்துணை அழகாக நிலத்துக்குப் பெயரிட்ட மக்கள், இவ்விரண்டுக்கும் நடுவே கிடந்த நீரின் குரலைக் கேளாமல் இருந்திருப்பரோ?

கேட்டனர். வாவியிலே இரவுநேரத்தில் வலைவீசும் மீனவர், எந்தக் காலத்தில், எந்த இடத்தில் அவ்வோசை கேட்கும் என்பதைப் பரம்பரையாக அறிந்திருந்தனர். மழைக்காலம் கழிந்து, நீரோட்டம் ஓய்ந்து, காற்றும் அடங்கிய நாட்களில், முழுநிலவை அண்டிய இரவுகளிலே அது தெளிவாகக் கேட்கும் என்பது அவர்கள் கூற்று. கேட்கும் முறையும் எளியது. தோணியை நிறுத்தி, சவளின் அகன்ற தலையை நீருக்குள் ஆழ்த்தி, அதன் மறுமுனையைக் காதோடு பொருத்துதல் வேண்டும். அப்போது, வெறுங்காதுக்கு மங்கலாகவேனும் எட்டாத ஓசை, மரத்தின் வழியே ஏறிவந்து செவியை நிறைக்கும்.

இது வெறும் பாமர வழக்கம் என்று எண்ணிவிடலாகாது. இதனுள்ளே பௌதிக விஞ்ஞானத்தின் ஓர் உண்மை அடங்கியிருக்கிறது. ஒலியானது காற்றிலே விநாடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்லும். நீரிலே ஏறத்தாழ 1,500 மீற்றர் செல்லும். நீருக்குள் அது விரைந்தும் நெடுந்தொலைவும் செல்லுமாயினும், நீரின் மேற்பரப்பை அடைந்ததும் பெரும்பாலும் திருப்பி அனுப்பப்படுகிறது. ஆயிரத்தில் ஒரு பங்கு ஆற்றலே காற்றினுட் புகுகிறது. ஆகவே, கரையில் நிற்பவனுக்கு வாவி ஊமையாகத் தோன்றுகிறது. மரமோ நீரின் அதிர்வை எளிதில் ஏற்றுக்கொள்ளும். ஏற்ற அதிர்வை மண்டை எலும்பின் வழியே உட்செவிக்கு நேரே சேர்ப்பிக்கும். காற்று என்னும் இடைத்தடை அங்கே நீங்கிவிடுகிறது.

1826ஆம் ஆண்டிலே சுவிற்சர்லாந்தின் ஜெனீவா ஏரியில் கொலாடொன் என்னும் அறிஞர், நீருக்குள் மணியடிக்கச் செய்து, தொலைவிலே வேறொரு படகிலிருந்தவாறு நீருள் இறக்கிய நீண்ட குழாயொன்றிற் காதுவைத்து, நீரில் ஒலி செல்லும் வேகத்தை அளந்தார். அந்த ஆராய்ச்சி நூல்களிலே புகழ்பெற்றுவிட்டது. அவரது குழாய் செய்த வேலையையே நம் மீனவரின் சவளும் செய்துவந்தது. அவர் எழுதிவைத்தார், இவர்கள் எழுதிவைக்கவில்லை. வேறுபாடு அவ்வளவே.

இவ்வோசையை ஏட்டில் ஏற்றி உலகறியச் செய்தவர் ஓர் அந்நியர். 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றச் செயலாளராகப் பதவி வகித்த சேர் ஜேம்ஸ் எமேர்சன் ரெனன்ற், 1848ஆம் ஆண்டில் மட்டக்களப்புக்கு வந்தபோது, நிலவொளியில் தோணியேறிச் சென்று அதனைக் கேட்டார். 1859இல் வெளிவந்த தமது இலங்கை நூலிலே அதனை விரிவாகக் கூறியுள்ளார். ஈரவிரலாற் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தடவும்போது எழும் மெல்லொலிக்கு அவர் அதனை ஒப்பிடுகிறார். ஒரே நீண்ட ஒலியாக அன்றி, தனித்தனியே பிரித்தறியத்தக்க எண்ணற்ற சிற்றொலிகளாக, உச்சமும் மந்தமும் கலந்து அது கேட்டதென்கிறார். தோணியின் மரத்திலே காதைப் பொருத்தியபோது ஓசை பன்மடங்கு பெருகியதையும் அவர் குறிக்கத் தவறவில்லை.

அவ்வறிஞரிடம் நாம் கற்கத்தக்க பண்பொன்று உண்டு. தாம் கேட்டதை எழுதியதோடு அவர் அமையவில்லை. ஓசைக்குக் காரணம் யாதென்று மீனவரிடமே வினவினார். அவர்கள் நத்தையினத்தைச் சேர்ந்த ஒருவகைச் சிப்பியுயிரைக் காட்டிப் பெயரும் கூறினர். அத்தமிழ்ப் பெயரைத் தம் செவிக்குப் பட்டவாறு ஆங்கில எழுத்திலே அவர் பொறித்துவைத்தார். எழுத்து உருமாறியிருப்பினும், 'ஊரி' என்னும் நம் சொல் அதனுள்ளே இன்றும் அடையாளம் காணத்தக்கதாய் இருக்கிறது. பெயரறியாத அந்தத் தோணிக்காரர்களின் அறிவு, அயலவர் ஒருவரின் ஏட்டின்மூலம் நமக்குத் திரும்பி வந்திருக்கிறது.

நம்மவருள் இவ்வோசையைத் தமிழ் இசையுலகோடு இணைத்த பெருமை விபுலாநந்த அடிகளாருக்கு உரியது. காரைதீவிலே 1892இல் பிறந்த அடிகளார், விஞ்ஞானமும் தமிழும் ஒருங்கே கற்றவர். கல்லடி உப்போடையிலே அவர் நிறுவிய சிவானந்த வித்தியாலயம் வாவிக்கும் கடலுக்கும் நடுவே அமைந்தது. பழந்தமிழர் யாழின் நரம்புகளையும் சுரங்களையும் கணித முறையால் ஆராய்ந்து, 1947ஆம் ஆண்டு யூன் மாதத்திலே 'யாழ் நூல்' என்னும் பெருநூலை அரங்கேற்றியவர், வாவியின் இன்னொலியையும் மறந்தாரில்லை. அதனை நீரர மகளிரின் பாடலாகக் கற்பனைசெய்து செய்யுள் இயற்றினார். ரெனன்ற் அதனை இயற்கை வரலாற்றின் ஒரு புதிராகக் கண்டார். அடிகளார் அதனை இசையாகவே கண்டார். ஒரே நீர்; கேட்ட காதுகள் இரண்டு.

ஆயினும், ஏடும் பாட்டும் ஓசையைப் பற்றிக் கூற வல்லனவேயன்றி, ஓசையையே தர வல்லன அல்ல. அதற்கு நாடாவும் பொறியும் வேண்டியிருந்தன. கடல்கடந்து வந்து மட்டக்களப்பிலே வாழ்ந்து பணிபுரிந்த சேசு சபைத் துறவியருள் ஒருவரான லாங் அடிகளார், 1954ஆம் ஆண்டிலே வாவியின் ஓசையை ஒலிப்பதிவு செய்தார். 1960களில் இலங்கை வானொலி அதனை ஒலிபரப்பிற்று. நிலவுக்கும் தோணிக்கும் சவளுக்கும் உரியதாயிருந்த அந்தரங்கமான ஓர் ஓசை, அன்று மலைநாட்டிலும் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் வானொலிப் பெட்டியருகே இருந்தவரின் செவிக்கு எட்டியது. நீரைக் காணாதவரும் நீரின் குரலைக் கேட்டனர். வானொலி என்னும் சாதனத்துக்கு இதனினும் தகுந்த பணி வேறு யாது?

இனி, பாடுவது யார் என்னும் கேள்விக்கு வருவோம். ஊரியென்றனர் அன்றைய மீனவர். மீனென்கிறது மக்கள் வழக்கு. நத்தையினத்து உயிர்களுக்குக் குரல் எழுப்பும் உறுப்பு இல்லை. மீன்களுட் பலவற்றுக்கோ அது உண்டு. அவற்றின் வயிற்றினுள்ளே காற்று நிரம்பிய பை ஒன்று இருக்கிறது. அப்பையை ஒட்டியமைந்த தசைகள் மிக விரைவாகச் சுருங்கி விரியும்போது, மத்தளத்தின் தோல் அதிர்வதுபோலப் பை அதிர்ந்து ஓசை பிறக்கிறது. இவ்வாறு ஒலிக்கும் மீன்கள் உலகின் பல கடல்களிலும் முகத்துவாரங்களிலும் வாழ்கின்றன.

இரண்டாம் உலகப் போரின்போது, 1942ஆம் ஆண்டில், அமெரிக்காவின் செசப்பீக் விரிகுடா வாயிலிலே பகைவரின் நீர்மூழ்கிகளைக் கண்டறிய நீரொலிவாங்கிகளைப் பொருத்தினர். அவற்றிலே வந்து நிறைந்தது பகைவரின் இயந்திர ஓசையன்று. கூட்டங்கூட்டமாக முழங்கிய மீன்களின் ஆரவாரமே. அதன்பின்னரே அரசாங்கங்கள் மீனின் குரலைப் பொருட்படுத்தத் தொடங்கின. மேரி போலண்ட் ஃபிஷ் என்னும் அம்மையார் பல்லாண்டு உழைத்து மீன்களின் ஓசைகளைத் தொகுத்து, 1970இல் இன்னோர் அறிஞரோடு இணைந்து நூலாக வெளியிட்டார். மீன் என்று பொருள்படும் பெயரைத் தாங்கியவரே மீனின் குரலுக்கு அகராதி வகுத்தமை ஓர் இனிய பொருத்தம்.

மற்றொன்றும் கேளுங்கள். கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோ நகரை அடுத்த சோசலிற்றோ என்னுமிடத்திலே, படகு வீடுகளில் வாழ்வோர் 1980களில் கோடைகால இரவுதோறும் ஒரு பெரிய முரலொலியால் உறக்கமிழந்தனர். இயந்திரமோ, கழிவுநீர்க் குழாயோ என்று பலவாறு ஐயுற்றனர். ஈற்றில் அது தேரைமீன் இனத்தைச் சேர்ந்த ஆண்மீனின் குரல் எனத் தெரியவந்தது. பாறையின் கீழே கூடமைத்துக்கொண்டு, பெண்மீனை அழைப்பதற்காக அது நெடுநேரம் இடைவிடாது முரலும். படகின் அடிப்பாகம் அதனை வாங்கி வீட்டுக்குள்ளே எதிரொலித்தது. ரெனன்ற் தோணி மரத்திற் காதுவைத்துக் கேட்டதும், சோசலிற்றோ மக்கள் படுக்கையிற் கிடந்து கேட்டதும் ஒரே இயற்கை விதியின் பயனாகும்.

ஆகவே, ஊரியைவிட மீனே பாடியிருத்தல் கூடும் என்று கொள்வதற்கு நியாயம் உண்டு. எனினும் கூடும் என்பது வேறு, நிறுவப்பட்டது என்பது வேறு. இன்ன உயிரே இவ்வாவியிற் பாடுகிறது என்று நிறுவுதற்கு, ஓசையையும் ஓசையை எழுப்பும் உயிரையும் ஒருங்கே பற்றிக்கொள்ள வேண்டும். ஒலிவாங்கி ஒன்று கேட்க, படக்கருவி ஒன்று காண, இரண்டும் ஒரே இரவில், ஒரே இடத்தில், ஒரே கணத்தில் இயங்க வேண்டும். இங்கேதான் திரைப்படக் கலை நமக்குத் துணையாக வருகிறது.

நீரடியைப் படம்பிடிக்கும் கலை நம் நாட்டுக்குப் புதிதன்று. 1956ஆம் ஆண்டு முதல் இலங்கையை வாழிடமாகக் கொண்ட ஆங்கில எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவர்தம் நண்பர் மைக் வில்சனும் நம் கடல்களிலே மூழ்கிப் படம்பிடித்தனர். 1962இல் வில்சன் உருவாக்கிய 'ரன்முது தூவ' என்னும் சிங்களப் படம் கடலடிக் காட்சிகளால் மக்களை வியப்பிலாழ்த்தியது. அதற்கு முன்னரே, 1956இல், பிரான்சு நாட்டுக் கூஸ்தோ வெளியிட்ட கடலடிப் படம் கான் விழாவின் தலைசிறந்த பரிசைப் பெற்றது. அப்படத்தின் பெயர் 'மௌன உலகம்' என்பதாகும். மட்டக்களப்பு மீனவர் ஒருவர் அப்பெயரைக் கேட்டிருந்தால், இளநகை புரிந்து, தம் சவளை அவர் கையிலே கொடுத்திருப்பார்.

காட்சியைப் படமாக்குதல் எளிது. இசையைப் படமாக்குதல் அரிது. அதிலும், பாடுபவர் தோன்றாத இசையை எவ்வாறு காட்டுவது? திரையிலே நீர் தெரியும், நிலவு தெரியும், தோணியிற் குனிந்திருக்கும் ஒருவரின் முகம் தெரியும், வேறெதுவும் தெரியாது. இத்தகையதொன்றை எவரே பார்ப்பர் என்று ஐயுறலாம். அந்த ஐயத்துக்கு விடையளிப்பது ஜப்பானின் அனுபவம்.

ஜப்பானியத் தோட்டங்களிலே, கைகழுவும் கற்தொட்டியின் அருகே, நிலத்தினுள்ளே ஒரு மட்குடத்தைக் கவிழ்த்துப் புதைப்பதுண்டு. குடத்தின் அடியிலே சிறு துளை ஒன்று இருக்கும். கைகழுவிய நீர் கூழாங்கற்களினூடே கசிந்து, அத்துளை வழியே துளித்துளியாக வீழ்ந்து, குடத்தினுள்ளே தேங்கிய நீரைத் தீண்டும். அப்போது எழும் ஒலி குடத்தின் சுவரிலே பட்டு நரம்பிசைபோல் நிலத்தின் கீழிருந்து கேட்கும். இதனைச் 'சுயிகின்குட்சு' என்பர். தமிழாக்கினால் 'நீர்யாழ்க் குகை' என்று சொல்லலாம். நிலத்தின்மேல் நின்று காண்பவனுக்குக் கல்லும் பாசியுமே தெரியும்; இசை முழுவதும் மண்ணுக்குள்ளே மறைந்திருக்கும்.

எடோ காலத்திலே தோன்றிய இவ்வரிய கலை, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஏறக்குறைய மறைந்துவிட்டது. 1950களின் இறுதியிலே தேடிய அறிஞருக்குக் கிடைத்தவை விரல்விட்டு எண்ணத்தக்கனவே. குடங்கள் உடைந்திருந்தன, மண் புகுந்து தூர்ந்திருந்தன. 1980களின் முற்பகுதியிலே நாளிதழ் ஒன்று இதனைப்பற்றி எழுதி, தெரிந்தவர் தெரிவிக்குமாறு வாசகரை வேண்டியது. 1985ஆம் ஆண்டில் அந்நாட்டின் தேசிய ஒலிபரப்பு நிறுவனமாகிய என்.எச்.கே., நிலத்தடியிசையைப் பற்றிய குறும்படங்களை ஒளிபரப்பிற்று. கல்லும் பாசியுமன்றி வேறெதுவும் காட்ட இயலாத அப்படங்கள் மக்களின் காதைத் திறந்துவிட்டன. மறைந்ததென்று கருதிய கலை மீண்டும் தோட்டந்தோறும் தழைத்தது. 1996ஆம் ஆண்டிலே ஜப்பானிய அரசாங்கம் ஒருபடி மேலே சென்று, பேணத்தக்க நூறு ஒலிச்சூழல்களை நாடெங்கும் தேர்ந்து அறிவித்தது. கோயில் மணியோசையும், பறவைக் குரலும், பனிக்கட்டி மிதக்கும் கடலின் முனகலும் நாட்டின் செல்வங்களாக எண்ணப்பட்டன.

நேயர்களே, அதே ஜப்பானின் உதவியுடன் மண்முனையிலே வாவிக்குக் குறுக்கே அமைத்த பாலம் 2014இல் திறக்கப்பட்டது. அதற்குமுன், படுவான்கரை மக்கள் அவ்விடத்திலே 'பாதை' என வழங்கும் மிதவையேறியே கடந்துவந்தனர். கல்லடியிலும், 1924இல் அமைந்த பழைய இரும்புப் பாலத்தின் அருகே, 2013இல் புதிய பாலம் எழுந்தது. பாலங்கள் வேண்டும், பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணும், பரீட்சைக்குச் செல்லும் பிள்ளையும் பாதைக்காகக் காத்துநின்ற நாட்களை மறத்தல் தகாது. நான் கூறவருவது இதுவே: பாலம் அமைக்கும் ஆற்றலை அயல்நாட்டிடம் பெற்ற நாம், மறைந்துகிடக்கும் ஓசையைப் பேணும் கருத்தையும் அங்கிருந்து பெறலாம். அதற்குக் கடன்பத்திரம் வேண்டியதில்லை.

காலம் நமக்காகக் காத்திராது. போர் நிகழ்ந்த ஆண்டுகளிலே இரவில் வாவியில் இறங்குதல் அச்சத்துக்குரியதாயிற்று. கேட்டுப் பழகிய ஒரு தலைமுறைக்கும் அடுத்த தலைமுறைக்கும் இடையே தொடர்பு அறுந்தது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்து கரையையும் முகத்துவாரத்தையும் அலைத்தது. இன்றோ நகரத்துக் கழிவும் பிளாஸ்ரிக் குப்பையும் நீரிற் கலக்கின்றன. குஞ்சு மீன்களுக்குத் தொட்டிலாயிருந்த கண்டற் காடு பலவிடங்களில் அழிகிறது. இயந்திரத் தோணிகளின் இரைச்சலும் பாலத்தின்மேற் செல்லும் வாகனங்களின் அதிர்வும் நீருள் இறங்குகின்றன. துணையை அழைக்கும் மீனின் குரலை அவ்விரைச்சல் மூடிவிடுமாயின், மூடப்படுவது பாட்டு மட்டுமன்று. அடுத்த ஆண்டின் மீன்வளமும் அதனோடு மூடப்படும். மீனவன் வீட்டு அடுப்புக்கும் இவ்விசைக்கும் உள்ள தொடர்பு இதுவே.

செய்யத்தக்கவை அரியன அல்ல. நீருள் இறக்கும் ஒலிவாங்கி இன்று ஒரு பாடசாலையின் விஞ்ஞானக் கழகம் வாங்கத்தக்க விலையிலேயே கிடைக்கிறது. வாவியின் சில இடங்களைத் தெரிந்து, ஆண்டு முழுவதும், ஒவ்வொரு முழுநிலவிலும் அமாவாசையிலும், ஒரே நேரத்தில் ஒலிப்பதிவு செய்தல் வேண்டும். ஒவ்வொரு பதிவோடும் நாளும் நேரமும், இடமும் ஆழமும், நீரின் வெப்பமும் உவர்ப்பும், முகத்துவாரம் திறந்திருந்ததோ மூடியிருந்ததோ என்பதும் குறிக்கப்படல் வேண்டும். இக்குறிப்புக்கள் இல்லாத ஒலி வெறும் வேடிக்கையாகும்; குறிப்புக்களோடு கூடிய ஒலியே சான்றாகும். ஓசை கேளாத இரவையும் பதிவுசெய்தல் வேண்டும். கேளாமையும் ஒரு செய்தியன்றோ?

அவற்றோடு, இரவிலே வலைவீசிய முதியோரின் சொற்களையும் அவர்தம் வாய்மொழியாகவே பதிந்துவைத்தல் இன்றியமையாதது. எந்தத் துறையிலே கேட்டது, அதற்கு அவர்கள் வழங்கிய பெயர் என்ன, எந்த ஆண்டிலிருந்து அருகிற்று என்பனவற்றை அறிந்தோர் அவர்களே. ஒலிவாங்கி மீனின் குரலைத் தரும். அதற்குப் பொருள்தரும் சொல்லை மனிதரே தருதல் கூடும். ரெனன்ற் ஒரே இரவிற் கேட்டறிந்த 'ஊரி' என்னும் ஒரு சொல்லே நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்திருக்கிறது. நம் மாணவர் ஓராண்டு முழுவதும் கேட்டால் எத்தனை சொற்கள் நிலைபெறும் என்று எண்ணிப்பாருங்கள்.

அந்நியர் வந்து கேட்டுச் சென்றதை எண்ணி நாம் நாணவேண்டியதில்லை. அவர்களுக்கு நன்றி கூறுவோம். வெளியூரான் செவி புதுமையை விரைவில் உணரும். உள்ளூரான் செவியோ பழக்கத்தால் மரத்துப்போகும். எனினும் வெளியூரான் ஓரிரவு கேட்டுவிட்டுக் கப்பலேறுவான். ஆண்டுதோறும் கேட்டு, மாற்றத்தை அறிந்து, ஓசை குறையும்போது குரலெழுப்ப வல்லவன் கரையிலே வாழ்பவன் ஒருவனே.

வரும் வறண்ட பருவத்திலே, காற்றடங்கிய ஒரு நிலவிரவில், வாவிக் கரையில் உள்ள நேயர்கள் அனுபவமுள்ள தோணிக்காரர் ஒருவரைத் துணைகொண்டு நீரிலே சென்று, இயந்திரத்தை நிறுத்தி, சவளை நீருள் ஆழ்த்திக் காதுகொடுத்துக் கேளுங்கள். கேட்டதையும் கேளாததையும் அன்றே எழுதிவையுங்கள். நாளையும் இடத்தையும் குறித்துவையுங்கள். அக்குறிப்பு உங்கள் பிள்ளைகளுக்குப் பயன்படும்.